வட்டமா இருந்தா எல்லாம் ஒண்டா, மனே?

மனே, வந்த வீட்டு ஷோகேஸ்ல கப்பு சோசருக்குப் பக்கத்தில வட்டத் தட்டுகள அடுக்கி வெச்சிருக்காய். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு வேற. சாவி மாமிட முந்தானையில. உன்ட கலியாண வீடியோ, மச்சினிச்சிட கலியாண வீடியோ, மூத்தம்மா ஹஜ்ஜுக்குப் போன நேரம் எடுத்தது, மார்க்க பயான் ஒரு அடுக்கு, பயானுக்குப் பின்னால ஒளிச்சு சினிமாப் படம் ஒரு அடுக்கு. எல்லாம் நல்லாத்தான் இரிக்கு. போட்டுப் பாக்கிற மெஷின் எங்க? புது டீவி சுவரோட ஒட்டிக் கெடக்கு, அதில தட்டுப் போட வாய் இல்ல. லெப்டொப்பு தோசை மாதிரி மெலிஞ்சு போச்சு, அதிலயும் வாய் இல்ல. பழைய டிவிடி பிளேயர, "இது இனி ஆருக்கு வேணும்" எண்டு பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுத்தாய். அவன் நிறுத்துப் பாத்து, பிளாஸ்டிக்குக்குக் காசில்ல எண்டு செல்லிட்டுப் போனான். அப்ப நீ பூட்டிக் காவல் காக்கிறது கலியாணத்தையா, பொலித்தீன் உறையையா?

கோவிக்காத. "தறியில குந்தியிருந்த கிழவனுக்கு சிடியப் பத்தி என்ன விளங்கும்" எண்டு உன்ட மனசு செல்லுது, எனக்குக் கேக்குது. மருதமுனையில குழித்தறிக்குள்ள கால விட்டு வளர்ந்தவன்தான் நான். ஆனா மருமகன் கல்முனை பஸார்ல சிடிக் கடை வெச்சிருந்த காலத்தில, அஸர் தொழுதுட்டு நேர அங்கதான் போய்க் குந்துவன். கடைக்கு வந்த ஆக்கள்ல படம் நல்லாயில்ல எண்டு வந்து சண்டை புடிச்ச ஒருத்தரையும் நான் காணல்ல. எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: "காக்கா, இது எங்கட வீட்டு மெஷின்ல ஓடுதில்ல." நிந்தவூரான் வந்தாலும் அதுதான், சம்மாந்துறையான் வந்தாலும் அதுதான். அந்தப் பாட்டுக்கு அர்த்தம் தேடித்தான் நான் இந்தக் கல்வி படிச்சது. சேர்ட்டிபிக்கட் கேக்காத, இல்ல.

சிடி, விசிடி, டிவிடி, ப்ளூ ரே எண்டு நாலு பேர் செல்றாங்க. கையில எடுத்துப் பாத்தா நாலும் ஒரே அளவு. குறுக்கால 12 சென்டிமீட்டர், நடுவில 15 மில்லிமீட்டர் ஓட்டை, தடிப்பு 1.2 மில்லிமீட்டர். இதப் பாத்துத்தான் எங்கட ஆக்கள் வட்டமா இரிக்கிறதெல்லாம் ஒண்டு எண்டு நெனச்சிட்டாங்க. சாறன எடுத்துப் பாரு. நாப்பதாம் நம்பர் நூல்ல நெஞ்சாலும் எண்பதாம் நம்பர்ல நெஞ்சாலும் அகலம் ஒண்டுதான். ஆனா எண்பதில இழை மெலிசு. அதே அகலத்துக்குள்ள கனக்க இழை புடிக்கும், அச்சும் அதுக்கேத்த நெருக்கமா இரிக்கணும். தடிச்ச நூலுக்குக் கட்டின அச்சில மெல்லிய நூல ஏத்தினா நெஞ்சு வாறது சாறன் இல்ல, மீன் புடிக்கிற வலை. தட்டுக் கதையும் முழுக்க இந்தக் கதைதான்.

சிடியில ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர ஆயிரமாக் கீறினா ஒரு கீத்துத்தான் ஒரு மைக்ரோமீட்டர். டிவிடியில அந்த இடைவெளி 0.74. ப்ளூ ரேயில 0.32. இழை நெருங்க நெருங்க அத வாசிக்கிற ஒளியும் மெலியணும். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், அது சிவப்புக்கும் அங்கால, கண்ணுக்குத் தெரியாது. டிவிடிக்கு 650, நல்ல சிவப்பு. ப்ளூ ரேக்கு 405, நீலமும் ஊதாவும் கலந்த ஒளி. சிடியில 700 மெகாபைட் புடிச்ச இடத்தில டிவிடியில 4.7 கிகாபைட், ப்ளூ ரேயில 25 கிகாபைட் புடிச்சது இப்படித்தான். நம்பர் விளங்காட்டி றோட்டுக் கணக்கில செல்றன். சிடிக்குள்ள சுருண்டு கெடக்கிற இழைய இழுத்து நீட்டினா அஞ்சு கிலோமீட்டருக்கு மேல போகும். கல்முனையில புடிச்சா சாய்ந்தமருதத் தாண்டும். டிவிடி கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர், நிந்தவூரத் தாண்டும். ப்ளூ ரே 27 கிலோமீட்டர், அக்கரைப்பற்றையும் தாண்டும். இவ்வளவு றோட்டையும் ஒரு உள்ளங்கைத் தட்டுக்குள்ள சுருட்டினவனுக்கு, பத்து வருசத்துக்குப் பொறகும் அத வாசிக்க ஒரு மெஷின் தாறன் எண்டு ஒரு வார்த்தை எழுதித் தர ஏலாமப் போச்சு பாத்தியா.

புது மெஷின் பழைய தட்ட வாசிக்கும், பழைய மெஷின் புதுத் தட்ட வாசிக்காது. டிவிடி பிளேயர்ல சிடி ஓடும், சிடி பிளேயர்ல டிவிடி ஓடாது. நீ நெனப்பாய், புதுசு பழசுக்கு மரியாத குடுக்குது எண்டு. மரியாதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, யாவாரம். வீட்டில நூறு சிடி வெச்சிருக்கிறவன், அதுகள வாசிக்காத மெஷின வாங்குவானா? அதுக்காகச் செலவழிச்சாங்க. சிடியில எழுத்து மேற்பக்கத்துத் தோலுக்குக் கீழ, லேசர் வாற பக்கத்தில இருந்து 1.2 மில்லிமீட்டர் ஆழத்தில. டிவிடியில ரெண்டு மெல்லிய தட்ட ஒட்டி நடுவில எழுத்து, ஆழம் 0.6. ப்ளூ ரேயில வெறும் 0.1. மூண்டு ஆழத்துக்கும் மூண்டு ஒளிக்கும் ஏத்த மாதிரி ஒரு மெஷினுக்குள்ள மூண்டு கண்ண வெச்சாங்க. சனம் பழசக் கேக்கிற மட்டும் வெப்பாங்க. கேக்காட்டி முதல்ல கழட்டுறது பழைய கண்ணத்தான்.

இன்னொரு கூத்து இரிக்கு. கம்பனி அச்சில அடிச்ச தட்டு வேற, கடையில மருமகன் அடிச்சுக் குடுத்த தட்டு வேற. கம்பனித் தட்டில பள்ளம் நெசமான பள்ளம். கடையில அடிக்கிற தட்டுக்குள்ள ஒரு சாயம் பூசியிரிக்கும், லேசர் அதச் சுட்டுப் புள்ளி வெக்கும். அந்தச் சாயம் சிடிட லேசருக்கு மினுங்கும், டிவிடிட சிவப்பு லேசருக்கு மினுங்காது. அதால டிவிடி பிளேயர் வந்த புதுசில சில மெஷின் கம்பனி சிடியத் திண்டுட்டு கடைச் சிடியத் துப்பிச்சு. திரும்பத் திரும்ப எழுதலாம் எண்டு 1997ல ஒரு சிடி வந்திச்சே, அதுட மினுக்கம் இன்னும் குறைவு. மத்தத் தட்டு நூத்துக்கு எழுவது பங்கு ஒளியத் திருப்பி அனுப்பினா, இது இருவது பங்கு மட்டுந்தான். பழைய சிடி பிளேயருக்கு அது கண்ணுக்கே தெரியல்ல. வாங்கினவன் கடைக்காரனுக்கு ஏசினான், கடைக்காரன் மெஷினுக்கு ஏசினான், மெஷின் செஞ்சவன் ஜப்பான்ல நிம்மதியா உறங்கினான்.

ஆதிக் கதைக்கு வாறன். பிலிப்ஸும் சோனியும் சேந்து சிடிக்குச் சட்டம் எழுதினாங்க, 1982 ஒக்டோபர்ல சோனிட முதல் பிளேயர் ஜப்பான்ல கடைக்கு வந்திச்சு. அது பாட்டுக்கு மட்டுந்தான். அதே 1982லதான் நம்மட ரூபவாஹினியும் தொடங்கின. ஊரே வெத்தில சப்பிக்கிட்டு அடுத்த வீட்டு ஜன்னல்ல தொங்கின காலம். பொறகு டெக்கும் கசெட்டும். கடக்கரை ஈரம் கசெட்டுக்குள்ள புகுந்து பூஞ்சணம் புடிக்கும், டெக்குட தலையத் துடைச்சுத் துடைச்சு விரல் தேயும். அந்த நேரம் 1993ல விசிடிக்குச் சட்டம் எழுதினாங்க. அமெரிக்காக்காரன் அத ஏறெடுத்தும் பாக்கல்ல. சீனாவும் நாமளும்தான் அத மடியில தூக்கி வளத்தது. நாடா சிக்கிற தொல்லை இல்ல, பூஞ்சணம் இல்ல, ரீவைண்ட் இல்ல, மலிவு. வேற என்ன வேணும்?

அதுக்குள்ள ஒரு விசயம். விசிடி ஒரு தட்டில 74 நிமிசம். தமிழ்ப் படம் ரெண்டரை மணித்தியாலத்துக்குக் குறைஞ்சு எடுத்தா டைரக்டருக்குச் சோறு இறங்காத காலம் அது. அதால ஒரு படத்துக்கு ரெண்டு தட்டு, மூண்டு தட்டு. மூண்டாம் தட்டு எப்பவும் பக்கத்து வீட்டில இரிக்கும். சாய்ந்தமருதில பாதிப் பேருக்கு அந்தக் காலத்துப் படங்கள்ல வில்லன் செத்தானா இல்லையா எண்டு இண்டைக்கும் தெரியாது. படம் 352க்கு 288 புள்ளி, அவ்வளவுதான். கதாநாயகி ஓடிவந்தா முகம் சதுரஞ் சதுரமா உடைஞ்சு, நிண்ட பொறகுதான் சேரும். ஆரும் குறை செல்லல்ல. ஊர்ல நூறு வீட்டில ஒரே மாதிரி மெஷின் இருந்து, ஒரே தட்டு நூறு வீட்டிலயும் ஓடின ஒரே காலம் அதுதான். வடிவு குறைஞ்சாலும் ஒத்துமை கூடின காலம். இத ஒரு இடத்தில எழுதி வை.

பொறகு எம்பி3 வந்திச்சு. ஒரு சிடியில பதினஞ்சு பாட்டு எண்டிருந்த இடத்தில நூத்தைம்பது பாட்டு. நாகூர் ஹனிபாட பாட்டு முழுக்க ஒரு தட்டுக்குள்ள எண்டு நோன்புக்கு வாங்கிக் கொண்டு போன ஒரு ஹாஜியார், பழைய சிடி பிளேயர்ல போட்டா ஒரு சத்தமும் இல்ல. தட்டு அதே சிடிதான், ஒளியும் அதே ஒளிதான், இழையும் அதே நெருக்கந்தான். ஆனா எழுதின பாஷை வேற, அந்தப் பெட்டிக்கு அது விளங்கல்ல. கடைக்கு வந்து, "ஹனிபா பாய்ட குரலையே அமுக்கிட்டீங்களே" எண்டு ஏசின ஏச்சு இன்னும் காதில நிக்குது. தட்டு உள்ளுக்குப் போனா மட்டும் காணாது மனே, உள்ளுக்குள்ள எழுதின விதமும் தெரிஞ்சிருக்கணும். உன்ட போனில திறக்காத வீடியோவுக்கும் இதுதான் காரணம்.

டிவிடி பொறந்த கதை இன்னும் ருசி. ஒரு பக்கம் டொஷிபா கூட்டம், மத்தப் பக்கம் சோனியும் பிலிப்ஸும். ரெண்டு பேரும் ரெண்டு வகைத் தட்ட எடுத்துக்கிட்டு வந்தாங்க. அதுக்கு முந்தி கசெட்டில விஎச்எஸ் பெரிசா பீட்டா பெரிசா எண்டு சண்டை புடிச்சுச் சனத்தட காச நாசமாக்கினத பாத்த ஐபிஎம் மாதிரிக் கொம்பியூட்டர்க் கம்பனிகள் குறுக்கால நிண்டு, "ரெண்டு பேரும் ஒண்டாகி வாங்க, இல்லாட்டி ரெண்டையும் நாங்க தொடமாட்டம்" எண்டாங்க. 1995ல ஒத்துப் போனாங்க, 1996 நவம்பர்ல ஜப்பான்ல டிவிடி வந்திச்சு. பெரியவங்க ஒண்டா நிண்டு அதட்டினா பணக்காரனும் வழிக்கு வருவான் எண்டு இதில தெரியுது. எங்கட ஊர்ல பெரியவங்க ஒண்டா நிண்ட கதைய இன்னொரு நாளைக்குப் பேசுவம், நேரம் கிடைச்சா.

ஆனா ஒத்துமை எழுதுற தட்டுக்கு வரல்ல. 1997ல பயனியர் கம்பனி மைனஸ் டிவிடி கொண்டு வந்திச்சு. சோனி, பிலிப்ஸ் கூட்டம் 2002ல ப்ளஸ் டிவிடி கொண்டு வந்திச்சு. ரெண்டும் 4.7 கிகாபைட், ரெண்டும் ஒரே நிறம், ரெண்டும் ஒரே ஒளி. நடுவில ஒரு கோடு குறுக்கால போட்டதா போடாததா எண்டதுதான் வித்தியாசம் எண்டு சனம் நெனச்சிச்சு. மைனஸ் வாங்கினவன்ட மெஷின் ப்ளஸ் கேட்டிச்சு, ப்ளஸ் வாங்கினவன்ட மெஷின் மைனஸ் கேட்டிச்சு. கடைசியில ரெண்டையும் எழுதுற மெஷின் செஞ்சு சண்டைய முடிச்சாங்க. அதுவரைக்கும் வீணாப்போன தட்டெல்லாம் வட்டைக்குப் போச்சு. வேளாண்மைக்குள்ள நூல்ல கட்டித் தொங்கவிட்டா வெயில்ல மின்னும், குருவி கிட்ட வராது. ப்ளஸ், மைனஸ், சிடி, விசிடி எண்டு ஒரு பேதமும் பாக்காம எல்லாத் தட்டும் ஒத்துப்போற ஒரே வேலை உலகத்தில அதுதான்.

வெளிநாட்டுச் சாமான் கதையும் கேளு. ஜித்தாவில வேலை செஞ்சு வந்த ஒருத்தர் டிவிடி பிளேயர் ஒண்ட பஞ்சுக்குள்ள சுத்திக் கொண்டு வந்தார். அதுக்கு மேல துணி மூடி, ஆரையும் தொடவிடல்ல. படக் கம்பனிக்காரங்க உலகத்த ஆறு துண்டாப் பிரிச்சு நம்பர் போட்டிருந்தாங்க. ஒரு நாட்டில தியேட்டர்ல ஓடாத படம் இன்னொரு நாட்டுத் தட்டில வந்து சேரக்கூடாதாம். சவூதி ரெண்டாம் நம்பர், இலங்கை அஞ்சாம் நம்பர். ரெண்டாம் நம்பர் மெஷின் அஞ்சாம் நம்பர் தட்டப் பாத்து மூஞ்சியத் திருப்பிச்சு. ஒரே கிப்லாவப் பாத்துத் தொழுற ஆக்கள், டிவிடிக்கு மட்டும் வேற வேற நம்பர். கல்முனைப் பொடியன்மார் விடுவாங்களா? மலிவான சீன மெஷின்ல ரிமோட்ட அமத்தி நாலு நம்பர் அடிச்சா உலகத் துண்டெல்லாம் ஒட்டிப் போகும் எண்டு கண்டு புடிச்சாங்க. விலை கூடின மெஷின் கதவப் பூட்டிக்கிட்டு நிண்டிச்சு, விலை குறைஞ்சது எல்லாத்தையும் ஓட்டிச்சு. சாமான் வாங்கக்குள்ள பேரப் பாக்காத, குணத்தப் பாரு எண்டு உன்ட மாமி செல்றது இதத்தான். மாப்புள எடுக்கக்குள்ள அவ அதப் பாத்தாவா எண்டு நான் கேக்கல்ல.

அந்தப் பக்கம் இந்தியாவில மோசர் பேர் எண்டு ஒரு கம்பனி. 1983ல டில்லியில தொடங்கி, உலகத்திலயே பெரிய தட்டுக் கம்பனிகள்ல ஒண்டா வளந்திச்சு. 2007ல தமிழ்ப் படத்தையும் மலையாளப் படத்தையும் விசிடி 28 ரூபாவுக்கும் டிவிடி 34 ரூபாவுக்கும் வித்திச்சு. இந்தியக் காசுதான், எண்டாலும் களவுத் தட்டுக்காரனே தலையில கை வெச்சான். 2008ல படமும் எடுத்தாங்க, "பூ" எண்ட படம் அவங்கட. விலைய அடிச்சு எல்லாரையும் வெண்டுட்டம் எண்டு நெனச்சாங்க. எதிரி தட்டுக்காரன் இல்ல, தட்டே வேணாம் எண்டு போனத் தூக்கின பொடியன் எண்டு அப்ப ஆருக்கும் விளங்கல்ல. 2018ல கோடு கம்பனியக் கலைச்சு வித்து கடன அடைக்கச் செல்லி உத்தரவு போட்டிச்சு.

ப்ளூ ரேட கதைய நம்மட ஊர்ல செல்றதுக்கு ஒண்டுமில்ல, அது வந்து சேரவேயில்ல. டொஷிபா எச்டி டிவிடி எண்டும் சோனி ப்ளூ ரே எண்டும் இன்னொருக்கா மல்லுக்கட்டி, 2008 பெப்ரவரி 19ல டொஷிபா கையத் தூக்கிச்சு. கல்முனையில ஒருத்தரும் அழல்ல, ரெண்டையும் ஒருத்தரும் வாங்கல்ல. இந்தத் தடவை உலகத்த ஏ, பி, சி எண்டு மூண்டாத்தான் பிரிச்சாங்க. சவூதி பி, நாம சி. பாத்தியா, பழைய புத்தி போகல்ல. வெண்ட சோனியும் கடைசியில எழுதுற ப்ளூ ரே தட்டு செய்யிறத 2025 பெப்ரவரியோட நிப்பாட்டிச்சு. தோத்தவனும் வீட்டில, வெண்டவனும் வீட்டில.

இனித்தான் நான் செல்ல வந்த விசயம். நீ ஷோகேஸுக்கு முன்னால நிண்டு தட்டுக்குக் கீறல் விழுமோ எண்டு பயப்படுறாய். தட்டு சாகிறதுக்கு முந்தி தட்ட வாசிக்கிற மெஷின் மவுத்தாகிடும். நான் செல்றத நம்பாட்டி பிபிசிக்காரனிட்ட கேளு. இங்கிலாந்து ராசா வில்லியம் 1086ல நாட்டில இரிக்கிற காணி, மாடு, ஆலை எல்லாம் எண்ணித் தோல்ல எழுதுவிச்சான். அந்தப் புத்தகத்துக்கு 900 வருசம் எண்டு கொண்டாட, 1986ல பிபிசி நாட்டு மக்கள்ட வாழ்க்கைய லேசர் தட்டில பதிஞ்சிச்சு. பள்ளிக்கூடப் புள்ளைகள் தொடக்கம் பத்து லட்சம் பேரளவில எழுதிக் குடுத்தாங்க. பதினஞ்சு வருசத்துக்குள்ள அத வாசிக்கிற மெஷினும் கொம்பியூட்டரும் கிடைக்காம அலைஞ்சு, படிச்ச ஆக்கள் கூட்டமாக் குந்தி 2002 அளவில ஒரு மாதிரி மீட்டெடுத்தாங்க. அந்த ராசாட தோல் புத்தகம் இண்டைக்கும் கண்ணால வாசிக்கலாம். 900 வருசத்துச் சாமான் பிழைச்சிச்சு, பதினஞ்சு வருசத்துச் சாமான் ஆஸ்பத்திரியில கெடந்திச்சு. பிபிசிக்கே இந்த நெலம எண்டா, உன்ட கலியாண வீடியோவுக்கு ஆர் கூட்டம் கூடிக் குந்துவா?

அதால கேளு, ஒண்டொண்டாச் செல்றன். முதல் வேலை, கொம்பியூட்டர்ல வயர் சொருகிற டிவிடி ரைட்டர் ஒண்டு வாங்கு. இன்னும் கடையில கிடைக்குது, விலையும் பெரிசில்ல. சிடி, விசிடி, ப்ளஸ், மைனஸ் எல்லாத்தையும் அது வாசிக்கும். ப்ளூ ரே உன்னட்ட இல்ல, கவலப்படாத. "இனி ஒரு நாளைக்கு" எண்டு வெச்சா, அந்த ஒரு நாளைக்கு அதுட விலையக் கேட்டு உன்ட வாய் வறளும்.

ரெண்டாவது, தட்டத் துடைக்கத் தெரிஞ்சு துடை. நீ துடைக்கிற வடிவ நான் பாத்திரிக்கன், பீங்கான் கழுவுற மாதிரி வட்டமாச் சுத்துறாய். இழை வட்டமாத்தான் ஓடுது, நீயும் வட்டமாத் துடைச்சா கீறல் இழையோட சேந்து நீளும். நடுவில இருந்து வெளிப்பக்கமா நேராத் துடை. சிடியில ரெண்டரை மில்லிமீட்டர் அளவு எழுத்து அழிஞ்சாலும் மிச்சத்த வெச்சுக் கணக்குப் போட்டு ரொப்பிக் குடுக்கிற ஒரு வித்தை இரிக்கு. ரீட், சொலமன் எண்டு ரெண்டு பேர் 1960லயே போட்ட கணக்கு அது. குறுக்கால விழுந்த கீறல அந்தக் கணக்கு தாங்கும், இழையோட நீட்டா விழுந்தத தாங்காது. பிரஷ் பண்ற பேஸ்ட்டத் தேய்க்கிற ஆக்களும் இரிக்காங்க. அது கீழ்ப்பக்கத்துச் சின்னக் கீறல மழுக்கும், சிலவேள ஓடும். பல்லுக்கு வாங்கின பேஸ்ட்டப் பல்லுக்கே வை, முதல்ல கொப்பி எடு.

மூண்டாவது, எல்லாரும் கீழ்ப்பக்கத்தக் காப்பாத்தி மேற்பக்கத்தக் கொல்றாங்க. சிடியில எழுத்து இரிக்கிறது மேற்பக்கத்துத் தோலுக்கு உடனே கீழ எண்டு முந்தியே செல்லிட்டன். நீ போல்பொயின்ட் பேனையால "எங்கட கலியாணம்" எண்டு அமத்தி எழுதி, கீழ ஒரு பூவும் கீறியிரிக்காய். அந்தப் பூவுக்குக் கீழ மாப்புள வரவேற்பு போச்சோ, நிக்காஹ் போச்சோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எழுதணும் எண்டா மெதுவான மார்க்கர் பேனையால நடு ஓட்டையச் சுத்தி எழுது. ஸ்டிக்கர் ஒட்டாத, ஒரு பக்கம் பாரம் கூடித் தட்டு ஆடும். வெயில் படுற இடத்தில வெக்காத, கடையில அடிச்ச தட்டுட சாயம் வெளிறிப் போகும். கடக்காத்து ஈரமும் உப்பும் ஒண்டையும் விடாது, அது உனக்கே தெரியும், உன்ட மோட்டார்சைக்கிளுட மட்காட் செல்லும்.

நாலாவது, தட்டு ஓடுதில்ல எண்டா உடனே குப்பையில எறியாத. கலியாண வீடியோ எடுத்த சில ஆக்கள் தட்ட எழுதிட்டுக் கடைசியில மூடி முத்திரை வெக்கிற வேலைய விட்டுட்டுக் குடுத்திருப்பாங்க. பைனலைஸ் எண்டு செல்றது அதத்தான். மூடாத தட்டு எழுதின மெஷின்ல மட்டும் ஓடும், மத்த மெஷின்ல வெறுந் தட்டாத் தெரியும். உள்ளுக்குள்ள கலியாணம் பத்திரமா இரிக்கும். விபரம் தெரிஞ்ச பொடியன் ஒருத்தனட்ட குடுத்தா எடுத்துத் தருவான். அவனுக்குக் காசு குடு. "நம்மட புள்ளதானே" எண்டு டீயோட அனுப்பாத.

அஞ்சாவது, எடுத்தத ஒரு இடத்தில வெக்காத. இதில பகிடி இல்ல. 2004 டிசம்பர் 26ல கடல் எழும்பி வந்த நேரம் இலங்கையில ஆகக் கூடின உசிரு போனது நம்மட அம்பாறை மாவட்டத்தில. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எண்டு கரையோரமே அழிஞ்சு பத்தாயிரத்துக்கு மேல ஆக்கள் மவுத்தான. வாப்பா உம்மாட முகத்தப் பாக்க ஒரு படங்கூட மிஞ்சாத வீடு எத்தனை. கடலுக்குத் தூரத்து ஊர்ல சொந்தக்காரர் வீட்டில ஒரு கொப்பி இருந்த ஆக்களுக்கு ஒரு முகமாவது மிஞ்சிச்சு. கடக்கரை வீட்டில ஒண்டு, சம்மாந்துறையில உன்ட ராத்தா வீட்டில ஒண்டு, வெளிநாட்டில இரிக்கிற தம்பிட்ட ஒண்டு. பென் டிரைவில ஒண்டும் ஹார்ட் டிஸ்க்கில ஒண்டும் வை, ரெண்டும் ஒரே நாள்ல பழுதாகாது.

ஆறாவது, ஊர்ச் சாமான் ஏதும் இருந்தா, பள்ளிக்கூட விழா, பழைய ஆக்கள்ட பேச்சு, கவிஞர்மார்ட கூட்டம், அத வீட்டுக்குள்ள பூட்டாத. நூலகம் நிறுவனம் எண்டு 2005ல தொடங்கி ஈழத்துத் தமிழ்ப் புத்தகம், சஞ்சிகை, மலர் எல்லாத்தையும் கொம்பியூட்டர்ல ஏத்தி ஊருக்கே இனாமாக் குடுக்காங்க. முஸ்லிம் ஊர்கள்ட வெளியீடுகளும் அதில இரிக்கு. ஆயிரம் பேரிட்ட இரிக்கிற சாமான் தொலையாது. பூட்டி வெச்ச சாமானுக்குத்தான் களவும் உண்டு, கறையானும் உண்டு.

"மூத்தவாப்பா, இப்ப எல்லாம் வானத்தில ஏத்தி வெப்பம், ஒரு மெஷினும் வேணாம்" எண்டு பேசுவாய். ஏத்து மனே, வேணாம் எண்டு செல்லல்ல. அந்த வானத்துக்குத் திறப்பு உன்ட பாஸ்வேர்ட். அது உன்ட தலைக்குள்ள. உனக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளத் தரட்டும், ஆனா பாஸ்வேர்ட கபுருக்குள்ள கொண்டு போனா உன்ட புள்ள மூண்டு கேள்விக்கு மறுமொழி செல்லி ஏலாமத் திரும்பி வருவான். "உங்கட முதல் டீச்சர்ட பேர் என்ன" எண்டு கேக்குமாம். நீ டீச்சரக் கண்ட நாளே குறைவு. பாஸ்வேர்ட எழுதி வீட்டுக்காரிட்ட குடு. அவளுக்கு ஏன் குடுக்கப் பயப்படுறாய் எண்டது வேற விசாரணை, அத அவளே நடத்துவா.

புதுசா இன்னும் எத்தனை தட்டு வரும், எத்தனை சிப்பு வரும், எத்தனை வானம் வரும். எது வந்தாலும் வாங்குறதுக்கு முந்தி ரெண்டு கேள்வி கேளு: என்னட்ட இரிக்கிற பழச இது வாசிக்குமா, இத நாளைக்கு விட்டுட்டுப் போனா உள்ளுக்கு இரிக்கிறத வெளியால எடுக்க வழி இரிக்குதா. முதல் கேள்விக்குக் கடைக்காரன் நெஞ்ச நிமித்தி மறுமொழி செல்லுவான். ரெண்டாவதுக்கு அவன் போனப் பாக்கத் தொடங்கினா, காசச் சட்டைப் பைக்குள்ளயே வெச்சிட்டு வா.

இவ்வளவும் கேட்டுட்டு நீ என்ன செல்லப் போறாய் எண்டு எனக்குத் தெரியும். "சரி மூத்தவாப்பா, நாளைக்குச் செய்யிறன்" எண்டுவாய். பிலிப்ஸும் சோனியும் டொஷிபாவும் எத்தனையோ செஞ்சு பாத்தாங்க. உன்ட "நாளைக்கு"வ வாசிக்கிற மெஷின் மட்டும் இன்னும் ஒருத்தனும் செய்யல்ல.